உப்பைக் கரைத்தால் கடலாகுமா?

பெண்ணாடம் பிரளயகாலேசுவரர் கோயிலில் நந்தி சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்காது. வாசல் பக்கம் திரும்பியிருக்கும். பிரளய வெள்ளம் பொங்கி வந்தபோது, அதைத் தடுத்து உறிஞ்சச் சொல்லி ஈசன் நந்தியைத் திருப்பிவிட்டார் என்கிறது தலபுராணம். கடல் உள்ளே வரக் கூடாது என்று தெய்வமே காவல் வைத்த ஊர். கரும்பும் நெல்லும் விளைகிற, வெள்ளாற்றை ஒட்டிய மருத நிலம்.

அந்த ஊரில் ஒரு இளைஞர் தன் வீட்டு முன்னறையில் நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அது நடக்காத காரியமல்ல. யூடியூபில் நாலு வீடியோ, சென்னை கொளத்தூரில் ஒரு கடை, பார்சலில் ஒரு வாளி உப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த வாளியைத் திறப்பதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு உயிரை அதன் உலகத்திலிருந்து பிரித்தெடுத்து, நாம் செய்த உலகத்தில் வைக்க நமக்கு உரிமை உண்டா? உண்டென்றால் அந்த உரிமை எப்போது வருகிறது? காசு கொடுத்தபோதா, ஆசை வைத்தபோதா, வேறு எப்போதாவதா?

மீன் தொட்டிக்கு இவ்வளவு பெரிய கேள்வியா என்று சிரிக்கலாம். எனக்கென்னவோ இந்தக் கேள்விக்கான பதில் உப்புத் தண்ணீர் தயாரிக்கிற வேலைக்குள்ளேயே இருப்பதாகப் படுகிறது. அதனால் முதலில் வேலையைப் பார்ப்போம்.

*

எல்லோருக்கும் முதலில் வருகிற யோசனை இது: "வெள்ளாறு போய்ச் சேர்ற இடம் பரங்கிப்பேட்டைதானே? ரெண்டு பஸ் மாறினா கடல். நாலு கேன்ல தண்ணியப் புடிச்சிட்டு வந்துட்டா வேலை முடிஞ்சுது."

முடியாது. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளாற்றில் வெள்ளம் வந்தால் கழிமுகத்துத் தண்ணீரின் உப்பு சரசரவென்று இறங்கிவிடும். கோடையில் ஏறும். கரையோரத் தண்ணீரில் படகு எண்ணெய் இருக்கலாம், ஊர்ச் சாக்கடை இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் இருக்கின்றன. கேனை மூடி வெயிலில் பஸ் ஏறினால் அவை செத்து அழுகத் தொடங்கும். பெண்ணாடம் வந்து சேர்வது கடலாக இருக்காது.

அடுத்த யோசனை சமையல் உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து 85 சதவீதம். நம் நாக்குக்கு அது போதும், உப்பு என்று சொல்லிவிடும். மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் மீதி 15 சதவீதமும் வேண்டும். மக்னீசியம் லிட்டருக்கு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம், கால்சியம் 400 மில்லிகிராம், இன்னும் சல்பேட், பொட்டாசியம், பைகார்பனேட்.

இந்த விகிதம் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான் என்பது வியப்பான உண்மை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்து, 1884இல் முடிவை வெளியிட்டார். உப்பின் அளவு கூடலாம், குறையலாம். உப்புகளுக்குள்ளே இருக்கும் பங்கு மாறுவதில்லை. வாளியில் அடைத்த உப்பு விற்கிறவர்கள் நம்பியிருப்பது இந்த ஒரு விதியைத்தான்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. நன்னீர் மீன் தண்ணீரை அநேகமாகக் குடிப்பதே இல்லை. கடல்மீன் குடித்துக்கொண்டே இருக்கும். சுற்றியிருக்கும் உப்பு அதன் உடம்பிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால், குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றும். ஆகவே நாம் கலக்குகிற தண்ணீர் மீனைச் சுற்றி மட்டும் இருப்பதில்லை, மீனுக்குள்ளும் ஓடுகிறது. நமக்கு வீடு வேறு, உணவு வேறு, காற்று வேறு. அதற்கு மூன்றும் நாம் கலக்குகிற அந்த ஒரு வாளிதான்.

கலக்குகிற முறை எளிது. போர் தண்ணீர் ஆகாது. அதில் ஏற்கெனவே எதெது கரைந்திருக்கிறதென்று சொல்ல முடியாது. ஆர்.ஓ. செய்து, அதற்குமேல் அயனிகளையும் நீக்கிய வெறும் தண்ணீர் வேண்டும். டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யமோ அதை ஒட்டியோ காட்ட வேண்டும். கடைக் கேன் தண்ணீரில் சுவைக்காகத் தாது சேர்த்திருப்பார்கள் என்பதால் அதுவும் சரிவராது. நூறு லிட்டருக்கு உப்பு மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். தண்ணீரில்தான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால், அந்தக் கெட்டியான கரைசலில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. ஒரு சிறு மோட்டார் ஒரு நாள் முழுக்கச் சுழற்றட்டும். சூடு 25, 26 டிகிரியில் நிற்கட்டும். பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 35 காட்ட வேண்டும். கருவியையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், தப்பான கருவி தப்பான கடலைச் செய்யும்.

ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டிருக்கும் ஊரில் இதுவும் கணக்கில் வர வேண்டியதுதான். குறைந்தபட்சம் அந்தக் கழிவுநீர் வீடு கழுவவாவது போகட்டும்.

*

இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. 35 காட்டுகிறது. நாக்கில் வைத்தால் கடல். மீன் விடலாமா?

இந்த இடத்தில் நம்மிடமே இருக்கிற பழைய சிந்தனை ஒன்று உதவுகிறது. தொல்காப்பியம் அகப்பாடலுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றைச் சொல்கிறது. பறவையும் விலங்கும் உணவும் தெய்வமும் கருப்பொருள். அவை தோன்றுவதற்கு முன்னால் முதற்பொருள் இருந்தாக வேண்டும். முதற்பொருள் என்பது நிலம் மட்டுமல்ல, நிலமும் பொழுதும். நாம் பள்ளிக்கூடத்தில் இதை அட்டவணையாக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். மீன் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது அது அட்டவணையாகத் தெரிவதில்லை. மீன் கருப்பொருள். உப்புத் தண்ணீர் நிலம். பொழுது எங்கே?

பொழுதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

மீன் கழிப்பது அம்மோனியா. அது நஞ்சு. கடலில் அது உடனே கரைந்து பரவிப்போகும், பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கும். புதிய தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இல்லை. ஒரு கூட்டம் வந்து அம்மோனியாவை நைட்ரைட்டாக்க வேண்டும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்க வேண்டும். இரண்டும் குடியேறிப் பெருக நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் ஆகும். அவை குடியிருக்கச் சொரசொரப்பான இடம் வேண்டும் என்பதற்காக வடிகட்டியில் பீங்கான் வளையங்களைப் போடுவார்கள். பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையே இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மெருகு பூசிச் சுட்டால் மேற்பரப்பு மூடிவிடும், பூசாமல் சுட்ட மண்ணில் நுண்துளைகள் திறந்திருக்கும். வளையத்தின் அந்தத் துளைகளுக்குள்தான் பொழுது சேர்கிறது.

இந்த ஆறு வாரத்தைக் கடக்க ஒரு பழைய குறுக்குவழி உண்டு. டாம்சல் என்கிற சின்ன மீன். விலை குறைவு, எதையும் தாங்கும். அதைப் பச்சைத் தொட்டியில் விட்டு, அதன் கழிவிலேயே பாக்டீரியாக்களை வளர்ப்பார்கள். பிழைத்தால் பிழைக்கும். செத்தால், "சைக்கிளுக்கு விட்ட மீன்தானே" என்பார்கள். தொட்டி தயாரானதும் நிஜமாக ஆசைப்பட்ட மீன் வரும்.

என் மனசு உறுத்துவது இங்கேதான். செவுள் எரிய நஞ்சில் மூச்சுவிட்ட ஒரு மீனின் மேல்தான் இன்னொரு மீனின் உலகம் கட்டப்படுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு வலியில் இல்லை, விலையில் இருக்கிறது. அவசியம் என்று ஒன்று இருந்தாலாவது வாதாடலாம். அதுவும் கிடையாது. சந்தையில் வாங்கிய ஒரு இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிட்டால் அதே அம்மோனியா வரும். ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் இருக்கிறதே, அம்மோனியம் குளோரைடு, அதைச் சுத்தமான வடிவில் சிட்டிகையளவு போட்டாலும் வரும். டாம்சல் மீன் மிச்சப்படுத்துவது காசையல்ல, காலத்தையும் அல்ல. வெறும் தண்ணீரை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்கிற அலுப்பை.

"செத்த இறாலும் உயிராக இருந்ததுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழம்புக்காக மீன் கொல்லும் ஊரில், தொட்டி மீனுக்காக அழுவது போலித்தனமில்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டில் வருகிற மீனுக்கு நாம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தொட்டியில் விடுகிற மீனிடம், "இது உன் வீடு, இங்கே வாழலாம்" என்று சொல்லித்தான் விடுகிறோம். வாக்கு கொடுத்த இடத்தில் கடன் பிறக்கிறது. கொல்வதைவிட வளர்ப்பதில் பொறுப்பு அதிகம் என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் ஆடு வளர்த்த எந்த வீட்டிலும் இது தெரியும்.

*

பொழுதைக் கொடுத்தவர்களும் முன்பே இருந்திருக்கிறார்கள். 1854இல் இங்கிலாந்தில் ஃபிலிப் ஹென்றி காஸ் நாலே உப்புகளைச் சேர்த்துச் செயற்கைக் கடல்நீர் செய்தார். முதலில் பாசியை விட்டார். சில நாள் கழித்தே மற்ற உயிர்களை விட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆனா தின் என்ற பெண்மணி லண்டன் வீட்டில் பவள உயிர்களை வைத்திருந்தார். தண்ணீருக்குக் காற்று ஊட்ட, அவர் வீட்டுப் பணிப்பெண் சன்னலோரம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றி ஊற்றி ஆற்றினாள், நாம் டீ ஆற்றுவதுபோல. ஒருவருடைய ஆசைக்கு இன்னொருவருடைய கை வேலை செய்தது.

காஸ் பொறுமைசாலி, பக்திமான், உயிர்களை நேசித்தவர். ஆனால் அவர் புத்தகங்களைப் படித்தவர்கள் வலையும் வாளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். அந்தப் பாறைக்குட்டைகள் சூறையாடப்பட்டு வெறுமையானதை அவர் மகன் எட்மண்ட், 1907இல் எழுதிய நினைவுநூலில் துயரத்தோடு பதிவு செய்கிறார். தொட்டிக்குள் எல்லாம் சரியாக இருந்தும், தொட்டிக்கு வெளியே கடல் குறைந்தது.

ஆகவே தண்ணீர் சரியா என்று கேட்ட பிறகு, மீன் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலான வகைகள் இன்னும் பவளத்திட்டுகளில் பிடிக்கப்படுபவைதான். பிலிப்பைன்ஸ் கடலில் 1960கள் முதல் சயனைடு தெளித்து, மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். நம் நாட்டில் பவளப்பாறைகளும் கடல்குதிரைகளும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து "ஒரு சின்னக் கல்லுதான் சார்" என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால், அது குற்றம். இதற்கு மாற்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீனைத் தொட்டியில் வளர்ப்பது கடலிலிருந்து எதையும் பறிப்பதாகாது.

உரிமை என்று ஒன்று இருந்தால், வெற்றுத் தொட்டியை ஆறு வாரம் பொறுத்துக்கொண்ட பிறகே அது வருகிறது என்று நினைக்கிறேன். அந்த ஆறு வாரத்தில் சிலருக்கு ஆசையே போய்விடும். போகட்டும். ஒரு மீன் தப்பித்தது.

மீதியிருப்பவர்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகும், சித்திரை வெயிலில் கண்ணெதிரே இறங்கும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். அதனால் ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்புத் தண்ணீர் அல்ல, வெறும் நல்ல தண்ணீர். புதியவர்கள் பலர் உப்பு நீரையே ஊற்றிக்கொண்டு போய், 35 நாற்பதாகி, மீன் ஏன் சோர்ந்ததென்று விழிப்பார்கள். பெரிய கடலுக்கு இந்த வேலையை மழையும் ஆறும் செய்கின்றன. பெண்ணாடம் பக்கமாகப் போகிற வெள்ளாறும் தன் பங்குக்குச் செய்கிறது.

நூறு லிட்டர் கடலுக்கு ஆறு கிடையாது. தினம் காலையில் யாராவது சொம்பை எடுத்து ஊற்ற வேண்டும். கல்யாணத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போனால் அந்த யாராவது யார்? அம்மாவா, தங்கச்சியா, பக்கத்து வீட்டுப் பையனா? அவர்களிடம் கேட்டாயிற்றா? கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு மீன் வாங்கப் போகலாம்.