மூடப்பட்ட பாதையும் நடப்போனின் சுதந்திரமும்

ஒருவன் தன் உயிரைத் தானே ஆபத்துக்கு உட்படுத்த முனையும்போது அவனைத் தடுத்து நிறுத்தும் உரிமை பிறர்க்கு உண்டா என்பது ஒழுக்கவியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் வினாக்களுள் ஒன்று. நூல்களில் இது பெரும்பாலும் கற்பனை உதாரணங்களைக் கொண்டே ஆராயப்படுகின்றது. சுவிற்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்தில், அல்ப்ஸ் மலைகளுக்கிடையே ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள காண்டர்ஸ்ரேக் என்னும் கிராமத்திலோ இது கற்பனையன்று. அங்கே மலைப்பாதைகள் சிலவற்றுக்கு இடப்பட்ட தடையே இவ்வினாவை எழுப்புகின்றது.

நடைப்பயணிகள் இக்கிராமத்தை நாடி வருவதற்குக் காரணங்கள் பல. காண்டர் ஆறு காஸ்ரேர்ன் பள்ளத்தாக்கிலிருந்து குளூஸ் எனப்படும் ஒடுங்கிய மலையிடுக்கின் வழியே இரைந்து இறங்குகின்றது. தெற்கே கெம்மிக் கணவாயை நோக்கிச் செல்லும் பழைய பாதை டௌபன் ஏரியின் ஓரமாகக் கடந்து வலே மாநிலத்தை அடைகின்றது. கிழக்கே, 1,578 மீற்றர் உயரத்தில், செங்குத்தான பாறைகள் சூழக் கிடப்பது எஷினன் ஏரி. இவ்வேரி தோன்றிய வரலாறு சிந்திக்கத்தக்கது. வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் மலையொன்று இடிந்து பள்ளத்தாக்கை அடைத்தமையால் உண்டானது அது. இன்றும் அதன் நீர் பெரும்பாலும் மேற்பரப்பில் வழிந்தோடாது, அவ்விடிபாடுகளினூடே கசிந்து வெளியேறுகின்றது. கீழே பள்ளத்தாக்கிலுள்ள நீல ஏரியும் பாறைச்சரிவின் பிள்ளையே. பயணிகள் அழகு எனக் கண்டு மகிழ்வது மலை விழுந்ததன் எச்சத்தை என்றால் அது மிகையாகாது.

மலை விழுவது முடிந்துபோன கதையுமன்று. எஷினன் ஏரியின் தெற்கே, டோல்டன்ஹோர்ன் சிகரத்தின் சாய்வில், ஸ்பிற்சர் ஸ்ரைன் என்றொரு பாறைமுகடு உண்டு. கூரிய கல் என்பது அப்பெயரின் பொருள். பாறையின் பிளவுகளை இறுகப் பிணித்திருந்த நிலத்தடி உறைபனி, புவி வெப்பமடைவதால் உருகி வருகின்றது. முகடு மெல்ல நகர்வது 2018ஆம் ஆண்டளவிலிருந்து கருவிகள் கொண்டு தொடர்ந்து அளக்கப்படுகின்றது. அசையும் பாறையின் அளவு ஒரு கோடிக் கனமீற்றருக்கும் மேற்பட்டதெனக் கணிக்கப்பட்டுள்ளது. அது சிறுசிறு துண்டுகளாக ஆண்டுக்கணக்கில் உதிரலாம். ஒருங்கே பெயர்ந்தும் விழலாம். எது நிகழும், எப்போது நிகழும் என்பதை எவராலும் உறுதியாகக் கூற முடியாது. ஆகவே அதன் கீழுள்ள பாதைகள் சில மூடப்பட்டன. கிராமத்தின் ஒரு பகுதியில் புதிய கட்டடங்கள் எழுப்புவதும் தடைசெய்யப்பட்டது.

தடையை மீறிச் செல்ல விழையும் நடைப்பயணி தன் பக்கத்திற்கு ஆதாரமாக ஜோன் ஸ்ருவேட் மில்லை அழைத்துக்கொள்ளலாம். 1859இல் வெளியான 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில், இடிந்து விழக்கூடிய பாலமொன்றின் மீது கால்வைக்கப் போகும் மனிதனை மில் உதாரணமாகக் காட்டுகின்றார். பாலத்தின் நிலையை அவன் அறியான். எச்சரிக்க நேரமும் இல்லை. அந்நிலையில் அவனைப் பிடித்திழுப்பது அவனது சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று என்பதே காரணம். ஆனால் கேடு உறுதியன்றி, கேடு நேரக்கூடும் என்ற நிலை மாத்திரம் இருக்குமாயின், அறிவு தெளிந்த மனிதனை எச்சரிக்கலாமேயொழிய வலிந்து தடுத்தல் ஆகாது என்பது மில்லின் முடிபு. ஸ்பிற்சர் ஸ்ரைன் இன்று பிற்பகல் விழும் என்று சொல்வார் இல்லை. எனவே, 'எச்சரித்தீர்கள், நன்றி. இனி வழி விடுங்கள்' என்று பயணி கூறினால் மில்லிடமிருந்து அதற்கு மறுப்பு எளிதிற் கிடைக்காது.

இவ்வாதத்தை மறுக்கப் பொதுவாகக் கூறப்படும் காரணம், விபத்து நேர்ந்தால் மீட்கச் செல்வோரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகும் என்பது. இது கேட்பதற்கு வலிதாயினும் ஆராயுமிடத்து நெகிழ்கின்றது. இதனை ஏற்போமாயின் பனிமலை ஏறுதல் முழுவதையுமே தடைசெய்தல் வேண்டும். அவ்வாறு செய்யத் துணிந்தோர் அல்ப்ஸ் நாடுகளில் இன்று எவருமில்லை. மீட்புப் பணியாளரும் தம் பணியின் தன்மையை அறிந்தே அதனை ஏற்கின்றனர். வலிமை மிக்க காரணம் வேறோரிடத்தில், பாதை என்பது யாது என்ற வினாவிலேயே, அடங்கியுள்ளது.

நடைப்பயணி தான் இயற்கையை நேருக்கு நேர் எதிர்கொள்வதாக எண்ணுகின்றான். உண்மையில் அவன் கால் வைப்பது பிறர் உழைப்பின் மீது. சுவிற்சர்லாந்தில் நடைபாதைகளுக்கான நாடளாவிய சங்கம் 1934இல் நிறுவப்பட்டது. நடைபாதைகள் பற்றிய ஏற்பாடொன்றை அரசியலமைப்பிற் சேர்ப்பதற்கு 1979இல் மக்கள் வாக்களித்தனர். 1985ஆம் ஆண்டின் சட்டம் பாதைகளைத் திட்டமிடுவதையும் பேணுவதையும் மாநிலங்களின் கடமையாக்கியது. தடையின்றியும் இயன்றவரை ஆபத்தின்றியும் மக்கள் அவற்றில் நடக்க வழிசெய்யுமாறு பணித்தது. ஒரு பாதை அழிய நேரின் தக்க மாற்றுப் பாதை வேண்டும் எனவும் விதித்தது. இன்று ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் பாதைகள் அடையாளமிடப்பட்டுள்ளன. மஞ்சட் பலகை எளிய பாதையைக் குறிக்கும். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்ற கோடுகள் உறுதியான காலும் உயரத்துக்கு அஞ்சாத மனமும் வேண்டும் மலைப்பாதையைக் குறிக்கும். சிவப்பின் இடத்தில் நீலம் தீட்டப்பட்டிருப்பின் கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படலாம். இக்கோடுகளைப் பாறைகளில் தீட்டுவோருட் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

மூடுபனி இறங்கிய வேளையில் எஷினன் ஏரிக்கு மேலேயுள்ள பாதையில் நிற்கும் ஒருவன், அடுத்த பாறையில் அக்கோடுகளைக் கண்டதும் ஆறுதல் அடைகின்றான். அவற்றைத் தீட்டியவரை அவன் ஒருபோதும் கண்டதில்லை. ஆயினும் அவர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பித் தன் உயிரை அந்த வண்ணத்திடம் ஒப்படைக்கின்றான். பாதை என்பது முன்பின் அறியாத மாந்தரிடையே நிலவும் நம்பிக்கையின் வடிவம் எனலாம். 'இவ்வழியே வா' என்று சொன்ன அதே குரல்தான் 'இவ்வழியே வராதே' என்றும் சொல்கின்றது. முன்னதை ஏற்று நடந்தவன் பின்னதை மட்டும் அந்நியரின் தலையீடு எனத் தள்ளுவது முரண். மில்லின் பாலத்தைக் கடப்பவன் தனியன். அடையாளமிட்ட பாதையில் நடப்பவனோ தனியனல்லன்; அவன் தோளில் பை மட்டும் தனியாகத் தொங்குகின்றது.

அடையாளங்களை அறவே துறந்து, தன் அறிவையும் கயிற்றையும் மட்டுமே நம்பிப் பாறையேறுபவனுக்கு இவ்வாதம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவன் யாரிடமும் வழி கேட்டவனல்லன். மில்லின் பாதுகாப்பு அவனுக்கு உரியது. ஆனால் தடையைத் தாண்டிச் செல்வோருட் பலர் அத்தகையோரல்லர். தாண்டிய பின்னரும் அவர்கள் பழைய வண்ணக் கோடுகளையே தேடிச் செல்வர்.

ஆபத்தை ஏற்கும் உரிமை பற்றிய வாதம் முழுவதும் விரும்பி மலைக்கு வருவோரை மனத்திற்கொண்டே எழுகின்றது. இப்பாதைகளின் வரலாற்றில் இறந்தோரோ பெரும்பாலும் வேறு வகையினர். 1895ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் நாள் அதிகாலையில், அல்ரெல்ஸ் மலையிலிருந்து பெரும் பனிப்பாளம் உடைந்து கெம்மிப் பாதையோரத்து மேய்ச்சல் நிலமாகிய ஸ்பிற்றல்மாற்றேயின் மீது வீழ்ந்தது. ஆறு பேரும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மாடுகளும் மாண்டனர். அவர்கள் அங்கிருந்தது அழகைக் காண்பதற்கன்று, பிழைப்புக்காக.

1908ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. காண்டர்ஸ்ரேக்கிலிருந்து தெற்கு நோக்கி லொச்பேர்க் இருப்புப்பாதைச் சுரங்கம் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. காஸ்ரேர்ன் பள்ளத்தாக்கின் அடியில் உறுதியான பாறையே இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஆறு கொணர்ந்து நிரப்பிய மணலும் சரளையும் நினைத்ததினும் மிக ஆழத்துக்குச் சென்றிருந்தன. வெடிவைத்த கணத்தில் நீரும் சேறும் சுரங்கத்துட் பாய்ந்தன. இருபத்தைந்து இத்தாலியத் தொழிலாளர் உயிரிழந்தனர். பெரும்பாலோரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அப்பகுதி சுவரிட்டு அடைக்கப்பட்டு, சுரங்கம் வேறு வழியாக வளைத்துக் கொண்டுசெல்லப்பட்டு 1913இல் திறக்கப்பட்டது. தலைக்கு மேலே கிடப்பது யாதென்ற ஐயம் அறிஞரிடையே இருந்திருக்கலாம், இல்லாதிருந்திருக்கலாம். அதை எடைபோட்டுத் தீர்மானிக்கும் வாய்ப்பு அத்தொழிலாளருக்கு அளிக்கப்படவில்லை என்பதே ஈண்டு முக்கியம். மலைச்சரிவுகளின் கீழ்க் கூலிக்கு உழைப்போரின் நிலையை ஈழத்து வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வகையில் நோக்குமிடத்து, தடுப்புப் பலகையின் பெறுமதி அது தடுப்பதில் மட்டும் இல்லை. ஆபத்தைப் பற்றிச் சிலர் அறிந்ததை அவ்வாபத்தைச் சுமக்கப் போகின்றவனுக்கும் அறிவிக்கின்றது என்பதிலேயே அதன் ஒழுக்கப் பெறுமதி தங்கியுள்ளது. 1908இல் சுரங்க வாயிலில் அத்தகைய பலகை எதுவும் இருந்திலது. இதிலிருந்து அதிகாரிகளுக்கும் ஒரு கடமை பிறக்கின்றது. 'தடை' என்று மட்டும் எழுதுதல் போதாது. எந்தப் பாறை, எவ்வளவு நகர்கின்றது, எது தெரியாது என்பனவும் மக்கள்முன் வைக்கப்படல் வேண்டும். காரணம் கூறாத தடை, கீழ்ப்படிவோரைப் பெருக்குமேயன்றி அறிந்து விலகுவோரைப் பெருக்காது.

இனி, தடையின் சுமை யாவர்க்கும் ஒன்றன்று. லொச்சன் கணவாய்க்கு அப்பாலுள்ள பிளாற்றன் கிராமத்தார் ஏறத்தாழ முந்நூறு பேர் 2025 மே மாதத்தில் வெளியேற்றப்பட்டனர். அதே மாதம் 28ஆம் நாள் பனியாறும் பாறையும் சரிந்து கிராமத்தின் பெரும்பகுதியை மூடின. அப்பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். ஏனையோர் உயிர் தப்பினர், வீடுகளை இழந்தனர். ஒரு பாதை மூடப்பட்டால் நடைப்பயணி மாலைப் புகைவண்டியில் ஊர் திரும்புவான். மறுவாரம் வேறொரு மலைக்குச் செல்வான். கோடையில் மேய்ச்சலுக்கு மாடுகளை மேலேற்ற வேண்டிய உழவனுக்கோ, தந்தை விட்டுச்சென்ற காணியில் வீடு கட்ட இயலாத காண்டர்ஸ்ரேக்வாசிக்கோ மறுவாரம் செல்வதற்கு வேறொரு மலை இல்லை. ஆபத்து எல்லையின் கோடு வரைபடத்தில் எங்கே விழவேண்டும் என்று தீர்மானிக்கும் அவையில், அளவுகருவியைக் கையாள்பவரோடு இவர்களும் அமர வேண்டுமா, அமர்ந்தால் அவர்கள் சொல்லுக்கு எவ்வளவு நிறை என்பன, நடைப்பயணியின் சுதந்திரத்தைவிடக் கடினமான வினாக்கள்.