லிகித முனிவர் உண்ட பழம்

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காலை நேரப் பேருந்துகளில் வேங்கடவனைத் தரிசிக்கச் செல்லும் பக்தர்களுக்கு நடுவே, புத்தகப் பையை மடியில் வைத்தபடி கல்லூரி மாணவர்களும் அமர்ந்திருப்பார்கள். 1954-ஆம் ஆண்டில் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியது. அதன்பின் பல உயர்கல்வி நிறுவனங்கள் அங்கு எழுந்தன. மலையின் அடிவாரம் இன்று கல்வியையும் நாடிவரும் இடமாகிவிட்டது.

அத்தகைய பேருந்து ஒன்றில் ஓர் இளங்கலை இயற்பியல் மாணவன் பயணம் செய்கிறான் என்று கொள்வோம். அவன் கையில் இருப்பது, மாணவர்கள் 'ரெக்கார்டு நோட்டு' என்று அழைக்கும் செய்முறைக் குறிப்பேடு. தனி ஊசல் சோதனையை அவன் முந்தைய நாள் செய்து முடித்தான். நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்துக்கொண்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். புத்தகம் கூறும் மதிப்பு 980. அவனுக்குக் கிடைத்ததோ 960.

"இதற்கா இவ்வளவு கவலை? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை மாற்றி எழுது. இல்லாவிட்டால் என்னுடையதைப் பார்த்து எழுதிக்கொள். எல்லோரும் செய்வதுதானே?" என்று கூறிய நண்பன், தன் குறிப்பேட்டையும் கொடுத்துவிட்டான்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நண்பனே மனமுவந்து கொடுத்திருக்கிறான். எண்ணை மாற்றினால் எவர் பொருளும் குறையப் போவதில்லை. ஆயினும் அவன் மனம் ஏனோ இசையவில்லை. எளிய கேள்வியாகத் தோன்றும் இது, உண்மையில் அறநூல்கள் ஆழ்ந்து ஆராய்ந்த ஒரு கேள்வி.

சத்தியத்தின் சந்நிதி

சித்தூரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், பாஹுதா நதிக்கரையில் காணிப்பாக்கம் உள்ளது. அங்கு எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகர் சத்தியத்துக்குச் சாட்சியாகப் போற்றப்படுபவர். வழக்கும் பூசலும் உடையவர்கள் திருக்குளத்தில் நீராடி, ஈரத்துணியோடு அவர்முன் நின்று சத்தியம் செய்வது நெடுநாள் வழக்கம். வெளியில் எத்தனை வாதங்கள் புரிந்தவரும் அச்சந்நிதியில் பொய் சொல்ல அஞ்சுவார்.

அந்த நதியின் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 'பாஹு' என்றால் கை. 'பாஹுதா' என்றால் கையைத் தந்தவள். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் யுதிஷ்டிரருக்கு வியாசர் இவ்வரலாற்றைச் சொல்கிறார்.

சங்கர், லிகிதர் என்ற இரு முனிவர்கள் உடன்பிறந்தவர்கள். பாஹுதா நதிக்கரையில் தனித்தனி ஆசிரமங்களில் வாழ்ந்துவந்தார்கள். ஒருநாள் இளையவரான லிகிதர் தமையனின் ஆசிரமத்துக்குச் சென்றார். தமையனார் அப்போது அங்கு இல்லை. மரங்களில் கனிந்திருந்த பழங்களைப் பறித்து லிகிதர் உண்ணத் தொடங்கினார். திரும்பி வந்த தமையனார், "இவை எங்கிருந்து கிடைத்தன?" என்று கேட்டார். "இங்கிருந்துதான் எடுத்தேன்" என்றார் லிகிதர், புன்னகையோடு. அண்ணனின் தோட்டம்தானே என்ற இயல்பான உரிமை அந்தப் புன்னகையில் இருந்தது.

தமையனாரோ, "கேளாமல் எடுத்ததால் நீ திருடினாய். அரசனிடம் சென்று நீயே உன் குற்றத்தைச் சொல்லித் தண்டனையைப் பெற்றுக்கொள்" என்றார்.

லிகிதர் மறுபேச்சின்றி சுத்யும்ன மன்னனிடம் சென்றார். தவசியைத் தண்டிக்க மன்னன் தயங்கினான். தண்டிக்கும் உரிமை உள்ள அரசனுக்கு மன்னிக்கும் உரிமையும் உண்டு என்று எடுத்துரைத்தான். லிகிதர் மன்னிப்பை ஏற்கவில்லை. அக்கால நீதிப்படி அவருடைய கைகள் துண்டிக்கப்பட்டன. திரும்பி வந்தவரிடம் தமையனார் கனிவோடு, "எனக்கு உன்மீது கோபம் இல்லை. நீ தர்மத்தை மீறினாய், இப்போது அதற்குப் பரிகாரமும் செய்துவிட்டாய். நதியில் நீராடி தேவர்களுக்கும் பித்ருக்களுக்கும் தர்ப்பணம் செய்" என்றார். லிகிதர் அவ்வாறு செய்யத் தொடங்கியதும் கைகள் மீண்டும் தோன்றின.

காணிப்பாக்கத்தின் தலபுராணம் இதையே சிறு மாற்றங்களுடன், ஒரு மாந்தோப்பில் நிகழ்ந்ததாகக் கூறுகிறது. 'லிகிதம்' என்ற சொல்லுக்கு 'எழுதப்பட்டது' என்பது பொருள். குறிப்பேட்டோடு பயணம் செய்யும் மாணவனுக்கு இவ்வரலாறு பொருத்தமாக அமைவதில் வியப்பில்லை.

திருட்டும் பொய்யும்

மரத்தில் இருந்த சில பழங்களால் சங்க முனிவர் ஏழையாகிவிடப் போவதில்லை. அறிவின் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. பழத்தை ஒருவர் உண்டால் அது மற்றவருக்குக் கிடைக்காது. ஆனால் ஒருவரின் கருத்தை மற்றவர் எடுத்துக்கொண்டால் உரியவரிடம் அக்கருத்து குறையாமல் அப்படியே இருக்கும். குறையாத ஒன்றை எடுப்பது எப்படித் திருட்டாகும்?

சங்க முனிவரின் சொல்லிலேயே விடை இருக்கிறது. 'எவ்வளவு எடுத்தாய்?' என்று அவர் கணக்குக் கேட்கவில்லை. கேளாமல் எடுத்ததையே குற்றம் என்றார். "அண்ணா, இரண்டு பழம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று லிகிதர் கேட்டிருந்தால், அதே பழம் அன்பின் விருந்தாகியிருக்கும். பழம் மாறவில்லை, பசியும் மாறவில்லை. ஒரே ஒரு வாக்கியம் திருட்டை விருந்தாக மாற்றிவிடுகிறது.

எழுத்திலும் இதுவே விதி. பிறர் கருத்தைத் தன்னுடையதாகக் காட்டினால் அது திருட்டு. 'இதை இன்னார் கூறியிருக்கிறார்' என்று ஒரு வரி சேர்த்தால் அதுவே புலமை. முன்னோருக்குச் செலுத்தும் வணக்கமும்கூட. சங்கர், லிகிதர் ஆகிய இருவர் பெயராலும் வழங்கிய தர்மசூத்திரம் ஒன்று இருந்தது. அதன் பகுதிகள் இன்று கிடைப்பதற்குக் காரணம், பிற்கால உரையாசிரியர்கள் 'சங்க-லிகிதர் கூறுகின்றனர்' என்று பெயர் சொல்லி மேற்கோள் காட்டியதுதான். பெயரை மறைத்து எடுத்திருந்தால் அந்த நூல் சுவடின்றி மறைந்திருக்கும்.

ஆனால் மாணவனின் கேள்வி இன்னும் தீரவில்லை. நண்பனோ அனுமதி கொடுத்துவிட்டான். அப்படியானால் குற்றம் எங்கே?

யோக நூல்கள் யமங்களைக் கூறும்போது சத்தியத்தையும் அஸ்தேயத்தையும், அதாவது உண்மையையும் கள்ளாமையையும், தனித்தனியாக வைத்திருப்பது பொருள் பொதிந்தது. நண்பனின் அனுமதி கள்ளாமை பற்றிய கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. உண்மை பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. குறிப்பேட்டின் அடியில் மாணவன் எழுதும் பெயர் ஒரு வாக்குமூலம். 'இந்த நேரத்தை நான் அளந்தேன்' என்பது அதன் பொருள். அளக்காமலே அப்படி எழுதுவது ஆசிரியரிடம் சொல்லும் பொய். அதற்கு அனுமதி தரும் அதிகாரம் நண்பனுக்கு இல்லை.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிப்பொழுதில் கட்டுரை எழுதித் தருகின்றன. 'இதற்கு உரிமையாளர் யார்? யாரிடமிருந்து திருடினேன்?' என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தோட்டக்காரர் இல்லாத தோட்டம் என்றே வைத்துக்கொண்டாலும், 'இது நான் சிந்தித்தது' என்று கையொப்பமிடும்போது எழுவது உண்மை பற்றிய கேள்வி. கருவியின் உதவியைச் சொல்லிவிடுபவனுக்கு அங்கு மறைக்க ஒன்றுமில்லை.

ஓர் எண்ணின் மதிப்பு

சித்தூர்-திருப்பதி சாலையில் கடங்கி என்ற சிற்றூர் வருகிறது. 1992 முதல் அங்கு ஒரு வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. மிகப் பெரிய ரேடாரைக் கொண்டு அங்கு மேலடுக்குக் காற்றின் போக்கை அளக்கிறார்கள். எதிர்பார்த்தபடி இல்லை என்பதற்காக அங்கு எவரேனும் ஓர் எண்ணைத் திருத்தினால் அந்த அளவீடுகளுக்கு என்ன மதிப்பு இருக்கும்? அறிவியலில் எதிர்பாராத எண்ணே பலமுறை புதிய வாசலைத் திறந்திருக்கிறது.

இங்கிலாந்தின் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தபோது, காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன் வேதிமுறையில் பெற்றதைவிடச் சற்றுக் கனமாக இருந்தது. வேறுபாடு முதலில் ஆயிரத்தில் ஒரு பங்கே. அவர் அதைப் புறக்கணித்திருக்கலாம். மாறாக, தமக்குக் காரணம் விளங்கவில்லை என்று 1892-இல் வெளிப்படையாக எழுதி மற்றவர்களின் கருத்தைக் கேட்டார். அந்த நேர்மை அவரையும் ராம்சேயையும் 1894-இல் ஆர்கான் என்ற புதிய வாயுவிடம் கொண்டுசேர்த்தது. எண்ணைத் திருத்தியிருந்தால் அந்த வாயு அவர்கள் சுவாசித்த காற்றிலேயே மறைந்து கிடந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் வேதனைக்குரியதே. திருப்பதிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை பன்னாட்டு இதழ்களில் வெளியிட்ட சுமார் 70 ஆய்வுக் கட்டுரைகள், பிறர் ஆய்வுகளை நகலெடுத்தவை அல்லது புனைந்த தரவுகளைக் கொண்டவை என்ற குற்றச்சாட்டு 2008-இல் உலகெங்கும் செய்தியாயிற்று. இப்படி ஒன்று நிகழும்போது, அதே வளாகத்தில் இரவும் பகலும் நேர்மையாக உழைத்த மற்ற ஆராய்ச்சி மாணவர்களின் கட்டுரைகளையும் உலகம் ஐயத்தோடு பார்க்கிறது. 'யாருக்கு என்ன நஷ்டம்?' என்ற கேள்விக்கு இது ஒரு விடை.

'பெரியவர்களே அப்படி என்றால்?' என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். தைத்திரீய உபநிஷதத்தில் கல்வி முடித்து விடைபெறும் மாணவனுக்கு ஆசிரியர் அறிவுரை கூறுகிறார். உண்மை பேசுவதே அதில் முதலில் இடம்பெறுகிறது. சற்றுப் பின்னர் அவர் வியக்கத்தக்க பணிவோடு, எங்களிடம் உள்ள நல்லொழுக்கங்களை மட்டும் பின்பற்று, மற்றவற்றை அல்ல என்கிறார். ஆசிரியரின் தவறு மாணவனின் தவறுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

சதவீதத்துக்கு அப்பால்

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. அவற்றின்படி, ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 சதவீதம் வரை இருந்தால் ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதங்களுக்குள் தர வேண்டும். 60 சதவீதம் வரை என்றால் ஓராண்டு தடை. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. இவை தேவையான விதிகள். ஆனால் கணினி சொற்களின் ஒற்றுமையைத்தான் அளக்கும், உள்ளத்தின் நோக்கத்தை அளக்காது. சொற்களை மாற்றிப்போட்டு 9 சதவீதத்துக்குக் கொண்டுவந்தவன் சட்டத்திடமிருந்து தப்பலாம். தன்னிடமிருந்து தப்ப முடியாது. தன் நெஞ்சறிந்த பொய் தன்னையே வருத்தும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துவதும் இதையே.

அத்தகையவன் முதலில் இழப்பது தன்னைப் பற்றிய அறிவை. தேர்வும் குறிப்பேடும் மாணவனுக்குக் கண்ணாடி போன்றவை. எது தெரியும், எது தெரியாது என்பதை அவை காட்டுகின்றன. கண்ணாடியில் வேறொருவர் படத்தை ஒட்டிக்கொண்டால் பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் தன் முகத்தில் படிந்த கறையைத் துடைக்கும் வாய்ப்பு போய்விடும்.

ஏற்கெனவே தவறியவர்களின் நிலை என்ன? லிகிதர் வரலாற்றின் சாரம் இங்கேதான் இருக்கிறது. அக்காலத் தண்டனையின் கடுமை இன்று பின்பற்றத்தக்கதன்று. எவரும் பிடித்துவரும் முன்பே அவர் தாமாகச் சென்று சொன்னார். மன்னிப்பு கிடைத்தபோதும் அதில் ஒளிந்துகொள்ளவில்லை. இதுவே கற்கத்தக்கது. இழந்த கைகள் திரும்பின என்பது, ஒப்புக்கொள்ளப்பட்ட தவறுக்கு மீட்சி உண்டு என்பதன் அடையாளம். மறைக்கப்பட்ட தவறுக்கு அந்த நதி இல்லை.

பேருந்தில் வரும் மாணவன் 960 என்ற எண்ணை மாற்றாமல் ஆசிரியரிடம் கொண்டுசென்றால் என்ன ஆகும்? மதிப்பெண் குறையலாம். ஆயினும் அக்கறையுள்ள ஆசிரியர், "நீளத்தை எதுவரை அளந்தாய்?" என்று கேட்பார். நூலின் நீளத்தை மட்டும் அளந்து, குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்தது அப்போது தெரியவரும். ஒரு சென்டிமீட்டர் ஆரம் விடுபட்டாலே விடை ஏறத்தாழ இந்த அளவுக்குக் குறைந்துவிடும். திருப்பதியின் அட்சரேகையில் உண்மை மதிப்பு 980 அன்று, ஏறத்தாழ 978 என்பதையும் அவர் சொல்லக்கூடும். எண்ணைத் திருத்தியிருந்தால் அவன் தன் பிழையையும் அறிந்திருக்க மாட்டான், தான் நிற்கும் மண்ணின் மதிப்பையும் அறிந்திருக்க மாட்டான்.

காணிப்பாக்கத்துச் சந்நிதியில் பொய் சொல்ல அஞ்சும் உள்ளம், ஆய்வுக்கூடத்திலும் தேர்வு அறையிலும் அதே இறைவன் சாட்சியாக இருக்கிறான் என்பதை உணர வேண்டும். அந்த உணர்வு வந்த மாணவனுக்குக் குறிப்பேட்டில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சத்தியப் பிரமாணம். அந்த நிலையில் அவன் கற்கும் கல்வியே வழிபாடாகிறது.