கேட்காத கடன்

கடனைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு தூரம் நியாயம் என்ற கேள்வி நமது எழுத்துகளில் அபூர்வமாகவே வருகிறது. கடன்பட்டவரின் நெஞ்சுக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்துவிட்டது. கலங்கி நிற்கும் இராவணனுக்குக் கடன்பட்டவனை உவமை சொல்லும் அந்த வரியைப் பட்டிமன்ற மேடைகளில் கேட்காத தமிழர் குறைவு. கம்பன் சொன்னது என்பார்கள். கம்பராமாயணத்தில் அப்படியொரு வரி இல்லை என்பது வேறு கதை. கடன் கொடுத்தவரின் நெஞ்சை நினைக்கப் போனால் ஷைலொக்கும் வட்டிக்காரர்களும்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள். சாமானைக் கொடுத்து, சிட்டையை எழுதி அனுப்பி, பதில் வராமல் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுகடைக்காரர் அந்த வரிசையில் இல்லை. அவர் வட்டி கேட்கவில்லை. தன்னுடையதைத்தான் கேட்கிறார். கேட்பதற்கும் கூச்சப்படுகிறார்.

எனக்கு மாமா முறையான ஒருவர் 1990 வரை யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தார். அவருடைய கடன் கொப்பியில் பாதிப் பேர் வல்வெட்டித்துறைக்காரர்கள். ஆணி, கயிறு, தார், வர்ணம், நங்கூரச் சங்கிலி என்று கடலோடு சம்பந்தப்பட்ட சாமான்கள் அங்கே போய்க்கொண்டிருந்தன. வல்வெட்டித்துறை வெறும் மீன்பிடிக் கிராமம் அல்ல. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அந்த ஊர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போயிருக்கிறது. இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் பாய் விரித்துப் பழகிய ஊருக்குக் கடன் புதிதல்ல. கப்பல் திரும்பி வந்தால்தான் கணக்கு முடியும் என்பது அவர்களுடைய வாழ்க்கைமுறை. ஆகவே மாமாவின் தவணையும் மாதத்தால் அல்ல, காற்றால் எண்ணப்பட்டது. “நானா, சோளகம் பிறக்கட்டும், கணக்கை முடிச்சுவிடுறன்” என்றால் அது தவணை. வாடைக்காற்று மாதங்களில் யாரும் கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை.

பிரச்சினை, சோளகம் பிறந்தும் வராதவர்களோடுதான். மாமா அச்சுவேலி, தொண்டைமானாறு வழியாக பஸ்ஸில் போவார். கோயில் திருவிழாவில் கேட்க மாட்டார். மனைவி மக்கள் முன்னால் கேட்க மாட்டார். திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்து, வள்ளம் எப்படி, மகன் என்ன படிக்கிறான் என்று விசாரித்துவிட்டு எழும்பிவிடுவார். வந்ததே கேட்டதுதான். இதைப் புரிந்துகொள்பவர் அடுத்த கிழமை யாரிடமாவது இருநூறோ முன்னூறோ கொடுத்தனுப்புவார். புரியாதது போலிருப்பவருக்குச் சிட்டை போகும். இரண்டாவது சிட்டையும் போகும். பிறகு அவர் சந்தையில் மாமாவைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார். இதைவிடவும் மாமாவை நோகச் செய்தது ஒன்று உண்டு. அதே ஆள் அடுத்த தெருக் கடையில் காசு கொடுத்து ஆணி வாங்குவது. கடன் வைத்தவரின் முகத்தைப் பார்க்கக் கூசி, கடன் இல்லாத கடைக்குக் காசைக் கொடுத்துவிடுகிறார். கடன், காசை மட்டுமல்ல, வாடிக்கையாளரையும் கொண்டுபோய்விடுகிறது. கடை வைத்திருந்தவர்களுக்கு இது விளங்கும்.

மார்க்கம் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசுகிறது. கடனைச் சாட்சிகளோடு எழுதி வையுங்கள் என்று கட்டளையிடும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே நீளமான வசனம். அதற்குச் சற்று முன்னால், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், தர்மமாக விட்டுவிட்டால் அது இன்னும் சிறந்தது என்றும் சொல்லப்படுகிறது. மறுபுறம், வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் இருக்கிறது. ஒருவர் தனக்குரிய ஒட்டகத்தைக் கடுமையான வார்த்தைகளால் நபியிடமே கேட்டபோது தோழர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று நபியவர்கள் அவர்களைத் தடுத்து, அவருக்கு அதைவிட நல்ல ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்தார்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கஷ்டப்பட்டவருக்கு அவகாசம், வசதியுள்ளவர் இழுத்தால் அநீதி. சரி, சிட்டைக்குப் பதிலே எழுதாதவர் இரண்டில் எவர்? கடைக்காரருக்கு அது தெரியாது. வள்ளம் உடைந்துவிட்டதா, அல்லது புது வள்ளம் வாங்கிவிட்டாரா? இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னவருக்கு அவகாசம் கொடுப்பது கடைக்காரரின் கடமையாகிவிடுகிறது. ஒன்றுமே சொல்லாதவர், கடைக்காரர் இரக்கம் காட்டக்கூடிய வாய்ப்பையும் அவரிடமிருந்து எடுத்துவிடுகிறார். கடன்பட்டவர் முதலில் தர வேண்டியது ஒரு வார்த்தை, காசு அதற்குப் பிறகு என்று நான் நினைக்கிறேன். ஏழைக்கும் கொடுக்கக்கூடியது அந்த வார்த்தை.

1980களின் நடுப்பகுதியிலிருந்து வடகடலில் தொழில் செய்வதற்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் வந்தன. 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை. 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதி, தங்கள்மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு இந்திய அமைதிப்படை வல்வெட்டித்துறையில் 60க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. வீடுகள், கடைகள், மீன்பிடி வள்ளங்கள் எரிக்கப்பட்டன. சில கிழமைகள் கழித்து மாமா அங்கே போனார், கேட்பதற்காக அல்ல. ஒரு சம்மாட்டியார் எரிந்த வீட்டுக்கு முன்னால் நின்றபடி, “நானா, எல்லாம் எரிஞ்சு போச்சு. ஆனா உங்கட கணக்கு இருக்கு” என்றாராம். மாமா அன்றிரவு அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அழிக்கவில்லை, அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கேட்பதில்லை என்பது. அப்படிக் கோடு விழுந்த பக்கங்கள் பல. கோடு விழாத பக்கங்களும் இருந்தன. எரியாத வீட்டுக்காரர்களில் சிலருக்கும் அந்த நெருப்பு வசதியாகிவிட்டது என்பார்.

அடுத்த வருடம் நடந்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசம். ஆளுக்கு 150 ரூபாவும் மாற்றுடுப்பும். நகை, உறுதி, காசு எல்லாம் சோதனையில் பறிபோயின. கடன் கொப்பியை யார் கேட்கப்போகிறார்கள்? அது மேசை லாச்சியிலேயே கிடந்தது.

புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்து மாமா ஞாபகத்திலிருந்து ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். வல்வெட்டித்துறைப் பெயர்கள் மட்டும் 31. அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவர் கொடுக்க வேண்டியவர்களின் பெயர்கள். கொழும்பு பழைய சோனகத் தெருவின் மொத்த வியாபாரிகள் இருவரும், யாழ்ப்பாணத்தில் ஒரு தட்டாரும், ஒரு பால்காரரும். முதல் இருவரையும் 1991இல் போய்ப் பார்த்து, கடை இல்லை, கணக்கு இருக்கிறது என்று சொன்னார். இது அவருக்குச் சம்மாட்டியாரிடம் கற்ற பாடமா என்று நான் கேட்டதில்லை. தட்டாருக்கும் பால்காரருக்கும் 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் கொடுக்க முடிந்தது. நாம் இழந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றவர்கள் வருடக்கணக்காக உழைத்து அதை ஆவணமாக்கினார்கள். ஆனால் நாம் தமிழ் அயலவர்களுக்குக் கொடுக்காமல் வந்த சில்லறைக் கடன்களைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. பலவந்தமாகத் துரத்தப்பட்டவரின் கடனும் கடன்தான்.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, கடைப் பில்லுக்கும் கொப்பிக் கடனுக்கும் வழக்குப் போட ஒரு வருடம்தான். அந்தக் காலத்துக்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைச் செலுத்தினாலோ நாட்கணக்கு புதிதாகத் தொடங்கும். வாயைத் திறக்காமல் இருந்தால் வழக்கு செத்துவிடும். சட்டம் இங்கே மௌனத்துக்குப் பரிசு கொடுக்கிறது. யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அது கணக்கில் எடுத்தது. ஆனால் காணிக்கும் கட்டடத்துக்கும் மட்டும். கடன் கொப்பி அதற்குள் வராது. உஸ்மானியரின் மஜல்லா, காலம் கடந்ததால் உரிமை அழியாது என்கிறது. வழக்கை நீதிபதி விசாரிக்காமல் விடலாம், கடன் கடனாகவே இருக்கும். எனக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. நீதிமன்றத்தின் கதவு மூடப்படுவதும் பொறுப்பு தீர்வதும் ஒன்றல்ல.

வழமையில் கடன் கொடுத்தவர்தான் தேடிப் போவார். 1990க்குப் பிறகு தேட வேண்டியவர் கடன்பட்டவர், ஏனென்றால் காணாமல் போனவர் கடைக்காரர். இதற்கு நமது மரபில் ஒரு முன்னுதாரணம் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரழி) ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கினார். விலையை வாங்க வேண்டிய விற்பனையாளரைக் காணவில்லை. ஒரு வருடம் தேடினார். பிறகு அந்தப் பணத்தை ஒரு திர்ஹம், இரண்டு திர்ஹமாக அவர் பெயரில் தர்மம் செய்தார். அவர் திரும்பி வந்தால் தர்மம் எனக்கு, கடனும் என்மேல் என்று சொல்லியபடி. புகாரியில் இந்தச் செய்தி இருக்கிறது. நான் வியப்பது அந்த ஒரு வருடத்தைத்தான். ஆள் இல்லை என்பதை அவர் அதிர்ஷ்டமாக எடுக்கவில்லை.

வல்வெட்டித்துறையின் பக்கமிருந்து இதற்கு எதிர்வாதம் உண்டு, அது லேசானதுமல்ல. பிள்ளைகளைப் பறிகொடுத்து, இடம்பெயர்ந்து, 2004இல் சுனாமியையும் கண்ட கரை அது. ஒரு தலைமுறை லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டது. இவ்வளவு இரத்தத்துக்கு நடுவில் ஆணியும் கயிறும் ஒரு கணக்கா? மாமாவும் இதை உணர்ந்துதான் இருந்தார். 2002இல் யாழ்ப்பாணம் போனவர் வல்வெட்டித்துறைக்குப் போகவில்லை. “போனால் கேட்க வந்திட்டான் எண்டு நினைப்பாங்கள். போகாட்டி விட்டுட்டான் எண்டு நினைப்பாங்கள்” என்றார். அதே ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என்றார். அந்த வார்த்தை முன்னரே வந்திருக்க வேண்டியது, வந்தது நல்லது. ஆனால் வெளியேற்றியது ஓர் இயக்கம். கொப்பியில் இருப்பவை தனி மனிதர்களின் பெயர்கள். பெரிய அநியாயம் சின்னக் கடனைத் தன் நிழலில் மறைத்துவிடுகிறது. எல்லாமே போய்விட்டது என்ற பேச்சில், தான் கொடுக்க வேண்டிய 3,400 ரூபாவும் போய்விட்டதாக ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ஷஹீதுக்குக்கூட மற்றெல்லாம் மன்னிக்கப்படும், கடன் மன்னிக்கப்படாது என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. உஹதில் ஷஹீதான தந்தையின் கடனுக்காக ஜாபிர் (ரழி) ஒரு யூதரிடம் அவகாசம் கேட்டார், மறுத்தார். நபியவர்களே போய்ப் பேசினார்கள், அவர் அதற்கும் மறுத்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஜாபிரின் பேரீச்சம்பழத்திலிருந்து கடன் முழுவதும் அளந்து கொடுக்கப்பட்டது. வேற்று மதத்தவரின் உரிமை, தியாகத்துக்கு முன்னாலும் நபியின் சிபாரிசுக்கு முன்னாலும் குறையவில்லை. இதை இரண்டு சமூகத்துக்கும் பொதுவாகவே சொல்கிறேன். தந்தையின் கடன் மகனைச் சேரும் என்பது இந்து தரும சாஸ்திரங்களிலும் உள்ளதுதான்.

அந்த 3,400 ரூபா நான் கற்பனை செய்த தொகையல்ல. 2011இல் வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்தில் மீளக் குடியேறிய நமது ஆட்களிடம் விசாரித்து, அவர்கள் மூலம் மாமாவுக்கு அந்தக் காசை அனுப்பினார். அப்பா சாகும்போது சொன்னது என்று ஒரு துண்டில் எழுதியிருந்தது. 1990இல் ஒரு டொலர் 40 ரூபா, 2011இல் 110 ரூபா. 3,400 ரூபாவுக்கு 1990இல் வாங்கக்கூடிய ஆணியை அந்தக் காசுக்கு நினைத்தும் பார்க்க முடியாது. இது கடன் தீர்ந்ததாகுமா என்று மகன்மார் கேட்டார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988இல் குவைத்தில் எடுத்த தீர்மானப்படி, நாணயக் கடனை அதே எண்ணிக்கையில்தான் திருப்ப வேண்டும், விலைவாசியோடு சேர்த்துக் கூட்டக் கூடாது. வட்டிக்குக் கதவு திறந்துவிடும் என்ற பயம். சில்லறை நாணயத்தின் மதிப்பு மாறினால் மதிப்பைப் பார்க்க வேண்டும் என்று இமாம் அபூ யூசுஃப் சொன்ன வேறு வழியும் உண்டு. எனக்கு அபூ யூசுஃபின் பக்கம்தான் நியாயமாகத் தெரிகிறது. இருபது வருடம் பிந்தியவர் பிந்தியதாலேயே இலாபம் அடைவது சரியில்லை. மாமா இந்த விவாதத்தில் சேரவில்லை. 3,400 ரூபாவையும் எண்ணி வாங்கினார். பற்றுச்சீட்டு ஒன்று எழுதி, முழுவதும் தீர்ந்தது என்று ஒப்பமிட்டு, வந்தவரிடமே கொடுத்தனுப்பினார். பிறகு கொப்பியில் அந்தப் பெயரை மையால் வெட்டினார். பென்சிலால் அல்ல.

2017இல் மாமா மௌத்தானார். மையத்துக்கு வர வேண்டிய கடன் வாரிசுகளின் சொத்து. மாமி முந்தியே போய்விட்டதால் இரண்டு ஆண், ஒரு பெண் என்று ஐந்து பங்கு. முப்பது பெயர்கள் மீதி. மகன்மார் தங்கள் நான்கு பங்கையும் அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டோம் என்றார்கள். மகள் விடவில்லை. அவளுடைய பங்கை அவளைத் தவிர வேறெவரும் விட முடியாது என்று மௌலவியும் சொல்லிவிட்டார். அவளுக்குக் காசு தேவையில்லை, வெளிநாட்டில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். இல்லை என்று ஒரு ஆள் வந்து சொன்னால் அந்த நிமிடமே விட்டுவிடுவேன், யாரும் வராமல் நானாக எதை விடுவது என்று கேட்கிறாள். கொப்பி அவளிடம்தான் இருக்கிறது.