தவறியதும் கணக்கில் வரட்டும்

2018 டிசம்பர் 21, 22இல் இலங்கையின் வன்னியில் கொட்டிய மழையோடு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, கண்டாவளைப் பிரிவின் ஊர்களும் வயல்களும் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகளை முன்னதாகவே திறந்திருக்கலாமே என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. எத்தனை மணிக்கு நீர் எந்த மட்டத்தில் நின்றது என்று அந்தந்த வேளையிலேயே பதிந்த கணக்கை வைத்துத்தான் இப்படியான வழக்கைத் தீர்க்க முடியும். பதியும் கையே அந்தக் கணத்தில் தீர்க்கவும் முற்பட்டால் பதிவு கெடும் என்பது என் வாதம். சைவ சித்தாந்தமும் வினையையும் பயனையும் இப்படித்தான் பிரித்து வைக்கிறது. வினை சடம், செய்தவரைத் தானே தேடிப் போய்ப் பயன் கொடுக்கும் அறிவு அதற்கில்லை. அது சஞ்சிதமாக, அதாவது சேர்ந்த இருப்பாகக் கிடக்கும்; பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன்.

இந்தப் பிரிவினை ஏன் வேண்டும் என்பதை லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் கண்கூடாகக் காணலாம். நீர்மட்ட உணரி இன்டரப்ட் என்னும் குறுக்கீட்டுச் சமிக்ஞை கொடுத்ததும், உணரியைக் கையாளும் டிரைவர் நிரல் ஓடுகிறது. அந்த நிலையில் அது உறங்கக் கூடாது. கோப்பில் எழுதப் போனால் டிஸ்க்குக்காகக் காத்திருக்க நேரும். ஒவ்வோர் அளவீட்டையும் கெர்னல் செய்திகளை அச்சிடும் பிரின்ட்கே வழியே சீரியல் கன்சோலுக்கு அனுப்பினாலும் கேடுதான்: 115,200 பாட் வேகத்தில் 80 எழுத்துள்ள வரியொன்று போய்ச்சேர ஏறக்குறைய 7 மில்லி செக்கன் பிடிக்கும். அதற்குள் அடுத்த அளவீடு தவறலாம். நேரம் பிசகியதால், நிரலில் நாம் தேடிய பிழையே மறைந்தும் போகலாம். ஆகவே டிரைவர் நேரத்தையும் அளவையும் ரிங் பஃபர் என்னும் வட்ட நினைவுப் பகுதியில் இட்டுவிட்டு உடனே விலகுகிறது. அதை வாசித்துக் கோப்பாக்குவது கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரலின் வேலை. ஆராய்வது மனிதரின் வேலை, ஆறுதலாக.

எதைப் பதிவதென்று தெரிவு செய்வதே ஒரு தீர்ப்புத்தானே என்று கேட்கலாம். ஆம், அதில் தப்ப வழியில்லை. ஆனால் அந்தத் தெரிவு சம்பவத்துக்கு முன்னரே, யாருக்குச் சாதகமாகும் என்று தெரியாத நிலையில் நடக்கிறது. நீர் ஏறுவதைக் கண்டும் பதிந்துகொண்டு மட்டும் இருப்பது பாவமில்லையா என்பது இதைவிடக் கனமான கேள்வி. அபாய ஒலி எழுப்பத்தான் வேண்டும். பதிவைத் தொடாத தனி வழியில் அது நடக்கட்டும். மூன்றாவது மறுப்புத்தான் என்னை அதிகம் உறுத்துவது: இறைவனின் கணக்கில் ஒன்றும் தவறாது, ரிங் பஃபரோ நிரம்பினால் பழையதை அழித்துப் புதியதை எழுதும், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம்? ஒப்புமை இங்கே முறிவது உண்மை. மனிதப் பதிவுக்குரிய கடமையும் இங்கேதான் பிறக்கிறது. கெர்னலின் தடமறியும் கருவியான எஃப்டிரேஸ், எத்தனை பதிவுகள் மேலெழுதப்பட்டு அழிந்தன என்பதையும் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியே எண்ணி வைக்கிறது. இரணைமடுவிலோ வேறெந்தக் குளத்திலோ நீர்மட்டக் கருவி பொருத்துகிறவர்கள், பதிந்த அளவுகளோடு தவறியவற்றின் எண்ணிக்கையையும் குளத்துக்குக் கீழேயுள்ள ஊர்களுக்கு வெளிப்படையாகத் தர வேண்டும்.