பிரேக்கில் ஒற்றை விரல்

கனடாவின் விஸ்லருக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் மேலே போகும் அவசரம். மலைச் சைக்கிள் பழக வந்த எங்களை மட்டும் அடிவாரத்தில், சமதரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூலை வெயில். முழங்காலிலும் முழங்கையிலும் கவசம், தாடைவரை மூடும் ஹெல்மெட். இத்தனையும் மாட்டிக்கொண்டு, தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டின் மேல் நடைவேகத்தில் சைக்கிள் உருட்டும் நடுவயதுப் பெண்கள் நாங்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தால் அவர்கள்மேல் குற்றமில்லை.

குளிர்காலத்தில் இது பனிச்சறுக்கு மலை. 2010 ஒலிம்பிக்கில் மலைச்சரிவுச் சறுக்குப் போட்டிகள் இங்கே நடந்தன. கோடையில் அதே சேர்லிஃப்ட்டுகள் சைக்கிள்களையும் மனிதர்களையும் ஏற்றிச் செல்கின்றன. ஏறுவதற்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. அதனால் நாள் முழுவதும் கவனம் இறங்குவதில்தான்.

*

பயிற்றுநருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். முதலில் பார்த்தது என் விரல்களை. "நாலு விரலும் பிரேக்கில் இருந்தால் ஹேண்டில்பாரை யார் பிடிப்பது?" இப்போதைய டிஸ்க் பிரேக்குகளுக்கு ஆள்காட்டி விரல் ஒன்று போதும். மற்ற மூன்றும் பிடியில் இருக்க வேண்டும். சொல்லும்போது எளிது. சரிவு கண்ணில் பட்டதும் மற்ற விரல்கள் தாமாகவே எழுந்து வருகின்றன.

முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவளுக்கு அது சரிதான். இங்கே சீட்டைத் தாழ்த்திவிட்டு எழுந்து நிற்கிறோம். இரண்டு பெடலும் ஒரே மட்டம். குதிகால் கீழே, இடுப்பு பின்னால், முழங்கை வெளியே. இந்த நிலையில், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. அதை இறுக்கினால் பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்கும் சக்கரம் தடத்தையும் கிழிக்கிறது, வண்டியையும் சரியாக நிறுத்துவதில்லை.

இந்த விளையாட்டின் கதையே பின்பிரேக்கில்தான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, 1976 அக்டோபரில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் அச்சுப் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதிதாக அடைக்க வேண்டும். மறுவருடம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் இதற்கென்றே சைக்கிள் சட்டகம் செய்தார். 1996 அட்லாண்டாவில் மலைச் சைக்கிள் ஓட்டம் ஒலிம்பிக் போட்டியானது. அந்த முதல் ஆட்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று சமதரையில் சுற்றும்போது யோசித்தேன். புகைதான் சொல்லிக்கொடுத்திருக்கும்.

*

லிஃப்டில் போகும்போது கீழே ஒரு கருங்கரடி புல் மேய்ந்துகொண்டிருந்தது. தலை தூக்கவில்லை.

*

வளைவுக்குள் போய்விட்டுப் பிரேக் பிடிக்கக் கூடாது. டயருக்கு மண்ணின்மேல் இருக்கும் பிடி ஓர் அளவுதான். அதை நிறுத்தச் செலவழித்தால் திரும்ப மிச்சமிருக்காது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே போனதும் விரலைத் தளர்த்திவிட வேண்டும். வண்டியைச் சாய்க்கலாம். உடம்பு அதனோடு சேர்ந்து விழ வேண்டியதில்லை.

புரிந்த பிறகுதான் தரையைக் கவனித்தேன். ஒவ்வொரு வளைவின் வாயிலிலும் மண் அலை அலையாகக் கிடக்கிறது. கடைசி நொடியில் பிரேக்கை அழுத்தியவர்களின் சக்கரங்கள் வாரிப் போட்ட மேடுகள். அடுத்து வருகிறவர் அந்த மேடுகளில் குலுங்கி இன்னும் கெட்டியாக அழுத்துகிறார். மேடு இன்னும் வளர்கிறது. பயம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மண் வழியாகக் கைமாறும் என்று நான் நினைத்ததில்லை. சைக்கிள் பூங்காவின் தடப் பணியாளர்கள் மண்வெட்டியோடு வந்து அவ்வப்போது அதைச் சமன் செய்கிறார்கள்.

*

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்கள். மரத்தைப் பார்க்காதே என்பதும் அப்படித்தான். கண் எங்கே குத்தி நிற்கிறதோ வண்டி அங்கே போகும். விமானிகளும் மோட்டார் சைக்கிள்காரர்களும் நெடுநாளாய் அறிந்த ஆபத்து இது. அதனால் எங்கள் பயிற்றுநர் எதையும் பார்க்காதே என்று சொல்வதே இல்லை. இரண்டு மரங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் காட்டுகிறார். வளைவு முடியும் இடத்தைக் காட்டுகிறார். தாடையைத் தோளுக்கு மேல் திருப்பச் சொல்கிறார். தலை திரும்பினால் தோள் வருகிறது, தோளைத் தொடர்ந்து இடுப்பு, கடைசியில் சக்கரம்.

கண்ணை மூடி உட்காரும் பயிற்சிகளில் நான் தேறியதில்லை. கண்ணைத் திறந்து, ஓரிடத்தில் வைத்து, அங்கிருந்து அடுத்த இடத்துக்கு நகர்த்தும் இந்தப் பயிற்சி எனக்குக் கொஞ்சம் வருகிறது.

*

வாடகை சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டுத்தான் ஓட்டிப் பழகினேன். பின்னால் கேரியரை ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன் என்று குரல் வரும். திரும்பிப் பார்த்தால் அவர் எங்கோ பின்னால் நிற்பார். நம்மில் பலர் சைக்கிள் கற்றது இப்படி அன்பான ஒரு பொய்யில்தான். அதில் வந்த தைரியம் பாதி, தெரியாமை தந்தது.

இங்கே யாரும் பிடிப்பதில்லை, பிடித்திருப்பதாகச் சொல்வதும் இல்லை. வரப்போவதெல்லாம் முன்கூட்டியே சொல்லப்படுகிறது. இந்த வயதில் எனக்கு இதுதான் ஒத்துவருகிறது.

வளர்ந்த பிறகு கற்பதென்றால் இன்னொரு கூட்டமும் நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்குவித்தார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் போய்வர அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. காசு கொடுத்துச் சரிவைத் தேடி வந்திருக்கும் எங்களுக்கு அவர்கள் பக்கத்தில் நிற்கத் தகுதியில்லை. இருந்தாலும் எல்லோரும் பார்க்க, பெண்கள் கூட்டமாக நின்று, வளர்ந்த வயதில் தடுமாறிக் கற்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. அது அங்கேயும் இருந்திருக்கும்.

*

தடங்களுக்கு நிறக் குறிகள் உண்டு. பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். உலகமெங்கும் பேசப்படும் ஏ-லைன் கறுப்பு. நாங்கள் ஈஸி டஸ் இட் என்னும் பச்சையில் சுற்றிவிட்டு நீலத்துக்கு நகர்ந்தோம். நிறம் மாறும்போது வயிற்றில் ஏதோ அசைகிறது. பலகையைப் பார்க்காமல் தடத்தை மட்டும் பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. பலகை வைத்தவர்கள் எதிர்பார்க்காத வேலையையும் பலகை செய்கிறது.

*

படி போன்ற இறக்கம் ஒன்று. முழங்கால் உயரம். சைக்கிள்களைப் படுக்கவைத்துவிட்டு நடந்து இறங்கிப் பார்க்கச் சொன்னார் பயிற்றுநர். விளிம்பு எங்கே, சக்கரம் எங்கே தரையைத் தொடும், அதற்குப் பிறகு தரை எப்படிப் போகிறது. காலால் அளந்து பார்த்தோம்.

பயமாக இருக்கிறதா என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண் எங்கே, விரல் எப்போது தளரும், எந்தக் கால் முன்னால். பதில் தடங்கலில்லாமல் முடிந்தால், நடுங்கினாலும் போகலாம். பதில் நடுவில் நின்றுவிட்டால் இன்றைக்கு வேண்டாம். காரணம் கேட்கமாட்டார்.

இரண்டு பயங்களைப் பிரித்துப் பார்க்க இவ்வளவு நேர்த்தியான வழி உண்டென்று நான் அறிந்திருக்கவில்லை. செய்யத் தெரிந்தும் கை இறுகுவது ஒரு வகை. அது செய்யச் செய்யப் போய்விடும். என்ன செய்வதென்றே தெரியாமல் வருவது இன்னொரு வகை. அதற்குக் கீழ்ப்படிய வேண்டும்.

முழங்கால் உயரத்துக்கு என் பதில் முடிந்தது, போனேன். அதற்கடுத்த, இடுப்பளவு இறக்கத்தில் பதில் பாதியில் நின்றது. கீழே இறங்கியதும் இடப்பக்கம் திரும்ப வேண்டும், அங்கே ஒரு வேர் குறுக்கே கிடந்தது. வண்டியை உருட்டிக்கொண்டு பக்கவழியாக வந்துவிட்டேன். எனக்கு அடுத்து நின்றவர் தன் பதிலை முழுதாகச் சொன்னார், போனார், தூசு கிளப்பித் திரும்பினார்.

மதியச் சாப்பாட்டின்போது அந்த வேரைப் பற்றிப் பயிற்றுநரிடம் கேட்டேன். முடிந்தவரை நேர் செங்கோணத்தில் கடக்க வேண்டும். முன்சக்கரம் தொடும் நேரத்தில் கையின் பாரத்தைக் குறைக்க வேண்டும். அதன்மேல் பிரேக்கும் கூடாது, திருப்பவும் கூடாது. திருப்பமெல்லாம் வேரைத் தாண்டிய பிறகு. மழை பெய்திருந்தால் இன்னும் கண்டிப்பாக.