முற்றத்து ரோசாவும் ஒப்புரவும்

மனிதன் தன்னிடமுள்ள நிலத்தை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்ற வினா, முதல் நோக்கிற் பொருளியல் வினாவாகவே தோன்றும். எனினும், நிலம் குறுகக் குறுக அவ்வினா அறவியல் வினாவாக மாறிவிடுகின்றது. நூறு ஏக்கர் உடையவன் ஒரு மூலையிலே பூஞ்செடி வைத்தால், அது தகுமா என்று எவரும் கேட்பதில்லை. பன்னிரண்டு அடி நீளமும் பத்தடி அகலமுமான நகர முற்றமொன்றில், நல்ல வெயில் விழும் ஒரேயோர் இடத்தை ரோசாவுக்கு ஒதுக்குபவனோ, அவ்விடத்தில் விளையக்கூடிய உணவை வேண்டாமென்று விடுகின்றான். அவ்வாறு விடுதல் தகுமா என்பதே இக்கட்டுரை ஆராய விழையும் பொருளாகும்.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து கிடைத்ததன்று. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்களில், கண்டி நகரின் சரிவொன்றிலுள்ள எங்கள் வீட்டு முற்றத்திலே அது எழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யும்பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. எழுதுவினைஞராகிய என் தந்தையார் முதல் வெள்ளிக்கிழமையன்றே மண்வெட்டியுடன் முற்றத்தில் இறங்கினார். வெயில் படும் இடத்தில் அம்மா ஆறு ஆண்டுகளாக வளர்த்துவந்த கருஞ்சிவப்பு ரோசா நின்றது. "பூவை அவித்துத் தின்னலாமோ?" என்று கேட்டார் அப்பா. அம்மா மறுமொழி கூறவில்லை. செடிக்கருகிற் போய் நின்றுகொண்டார்.

அச்செடி எத்தகையது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். அது 'ஹைபிரிட் டீ' என வழங்கப்படும் கலப்பின ரோசா. சீனத்திலிருந்து ஐரோப்பா சென்ற தேயிலை ரோசாக்களின் மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பையும், ஐரோப்பாவில் ஏற்கெனவே வளர்க்கப்பட்ட ரோசாக்களின் குளிர்தாங்கும் வன்மையையும் ஒன்றுசேர்க்க முயன்றதன் விளைவு இவ்வினமாகும். பிரான்சு நாட்டு லியோன் நகரைச் சேர்ந்த கியோ என்பவர் 1867இல் அறிமுகப்படுத்திய 'லா பிரான்ஸ்' இவ்வினத்தின் முதல் மலராகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆகவே, இது காட்டில் தானாகப் பூத்த மலரன்று. மனித உழைப்பினால் ஆகியது, அவ்வுழைப்பை இடையறாது கேட்டுக்கொண்டிருப்பது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது அதற்கு வெயில் வேண்டும். காலையில் வேரடியில் நீர் விடுதல் வேண்டும்; இலைகள் நெடுநேரம் ஈரமாயிருந்தால் கரும்புள்ளி நோய் பற்றிக்கொள்ளும். வேறொரு ரோசாவின் கட்டைமீது ஒட்டப்பட்ட செடியாதலால், ஒட்டுக்குக் கீழே வெடிக்கும் தளிர்களை அவ்வப்போது களைதல் வேண்டும். களையத் தவறின் கட்டை ஓங்கி, நாம் விரும்பிய செடி நலிந்துவிடும்.

எனவே, ரோசா வளர்ப்பவர் நிலத்தை மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை. நீரையும் பசளையையும் நேரத்தையும் கொடுக்கின்றார். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதன்பின், எங்கள் வீட்டிற் கிடைத்தது சமையற் கழிவிலிருந்து மக்கிய உரம் மாத்திரமே. ரோசாவுக்கு இட்ட ஒவ்வொரு கூடை உரமும் மிளகாய்ச் செடிக்கு இடாத உரமாகும். தந்தையாரின் வாதம் இவ்வகையில் மிகவும் வலிமையானது. பெரும்பான்மையோரின் பெருநலமே அறத்தின் அளவுகோல் என்னும் பயன்வாதிகளும் அவர் பக்கமே நிற்பர் என்று தோன்றும்.

இவ்விடத்தில் நம்மவர் மனத்தில் முதலில் எழும் எடுத்துக்காட்டு பாரியினுடையது. பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை ஈந்த அவ்வள்ளலின் செயலை, ஈண்டு துணைக்கழைக்கலாமன்றோ? அழைக்கலாகாது என்பதே என் கருத்து. தமிழ் மரபு அச்செயலைப் போற்றிய அதேவேளையில், அதற்குக் 'கொடைமடம்' என்றும் பெயரிட்டது. அளந்து பாராமற் கொடுக்கும் மடமை அது. பறம்பின் தலைவனுக்கு அது பெருமை சேர்த்திருக்கலாம். அரிசிப் பானையைத் தட்டிப் பார்த்து உலை வைக்கும் வீட்டில், அளந்து பார்த்தலே அறத்தின் தொடக்கமாகும்.

ஆகையால் நாமும் அளந்து பார்ப்போம். ஒரு ரோசாச் செடி பிடிக்கும் இடம் ஏறத்தாழ இரண்டரை அடிச் சதுரம். அவ்விடத்தில் ஒரு மரவள்ளியை நட்டால், பல மாதங்களின்பின் ஒரு குடும்பத்துக்குச் சில வேளை உணவு கிடைக்கும். அச்சில வேளைகளே ஓர் உயிரின் வாழ்வையும் சாவையும் முடிவுசெய்யுமாயின், ரோசாவைப் பிடுங்கத் தயங்குபவரை மன்னிக்க இயலாது. இதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், எங்கள் நிலை அத்தகையதன்று. மூன்று வேளை இரண்டானது, பால்மா இல்லாது போயிற்று, பட்டினி வரவில்லை. பட்டினிக்கும் வசதிக்கும் இடைப்பட்ட இந்நிலையிலேதான் எம்மிற் பெரும்பாலானோர் வாழ்கின்றோம். அறவியலின் கடினமான வினாக்களும் இந்நிலைக்கே உரியவை.

அழகு பயனை நாடாதது என்று வாதிட்ட ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், 1790இல் வெளிவந்த தமது நூலில், மலர்களைச் சுதந்திரமான இயற்கையழகுக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். ஆனால், மணத்தைப்பற்றி அவருக்கு நல்லெண்ணம் இருக்கவில்லை. வாசனையூட்டிய கைக்குட்டையை ஒருவர் வெளியே எடுத்தால், விரும்பினும் விரும்பாவிடினும் அருகிலுள்ளோர் அனைவரும் அதனை நுகர்ந்தே தீரவேண்டும். அது பிறரின் சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்பது அவர் கருத்து. காட்சியை விரும்பாதவர் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். மணத்துக்கு அவ்வாறு விலக வழியில்லை.

கான்ற் குறையாகக் கண்ட இப்பண்பையே நான் ரோசாவின் சார்பிலான தலைசிறந்த நியாயமாகக் காண்கின்றேன். நிறத்தையும் வடிவத்தையும் மதில் மறைத்துவிடும். மணத்தை மறைக்க மதிலால் இயலாது. 1930இல் ஐக்கிய அமெரிக்கா தாவரங்களுக்கும் காப்புரிமை வழங்கச் சட்டமியற்றியது. அதன்கீழ் 1931இல் வழங்கப்பட்ட முதற் காப்புரிமையே 'நியூ டோன்' என்ற படர்ரோசா ஒன்றுக்குத்தான். செடியைப் பெருக்கும் உரிமையைச் சட்டம் வேலியிடலாம். தெருவிற் போகின்றவர் மூச்சிழுப்பதைத் தடுக்கச் சட்டமில்லை. வணிகத்துக்காக வளர்க்கப்படும் வெட்டுமலர்களிற் பலவற்றில் மணம் குன்றியிருப்பதும் ஈண்டு நோக்கற்பாலது. நீண்டநாள் வாடாமை, நிறம், நெடுந்தண்டு ஆகியவற்றை நாடித் தெரிவுசெய்தபோது மணம் கவனிப்பாரின்றிப் போயிற்று. 'பாப்பா மெய்யான்' என்ற மணமிக்க ரோசாவையும் 'ரூஜ் மெய்யான்' என்ற மணமற்ற ரோசாவையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, மணப்பொருள் உருவாக்கத்திற் பங்குகொள்ளும் நொதியம் ஒன்றை இனங்காட்டியது. விற்பனைக்கு உதவாத பண்பே கைவிடப்பட்டது என்பதிலிருந்து, மணம் விலைக்கு அப்பாற்பட்டு நிற்பதை உணரலாம்.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில், பிறர்க்குதவும் பேரறிவாளனின் செல்வத்தை ஊரார் நீருண்ணும் குளத்துக்கும், ஊர்நடுவே பழுத்த மரத்துக்கும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரத்துக்கும் ஒப்பிடுகின்றார். ஒன்று தாகம் தீர்ப்பது. மற்றொன்று பசி தீர்ப்பது. பிறிதொன்று பிணி தீர்ப்பது. அவ்வரிசையிற் பூஞ்செடி இல்லை. நான்காவது இடமொன்றை அதற்குக் கேட்கலாமா? இவ்வினாவுக்கு விடை தந்தது எங்கள் அயல்வீடு.

மதிலுக்கப்பால் சிங்கள மூதாட்டி ஒருவர் தம் மகனுடன் வாழ்கின்றார். முகை விரிந்ததை நாங்கள் பார்க்குமுன்னர் மணத்தால் அறிந்து மதிலோரம் வந்து சொல்பவர் அவரே. மகன் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். பெற்றோல் வரிசையில் அவர் மூன்று நாட்கள் கழித்த வாரத்தில், ஒரு காலை அம்மூதாட்டி எங்கள் படலைக்கு வந்தார். நெடுநேரம் ரோசாவைப் பற்றியே பேசினார். பின்னர் தலையைக் குனிந்துகொண்டு, சிறிது அரிசி இருக்குமா என்று கேட்டார். அம்மா இரண்டு சுண்டு அரிசி அளந்து கொடுத்தார்; அன்று விரிந்திருந்த மலரையும், விகாரைக்குக் கொண்டுசெல்லுமாறு கொடுத்தார்.

அன்று அம்மா மலரை மட்டும் கொடுத்து அனுப்பியிருப்பாராயின், அச்செடியைப் பிடுங்குமாறு நானே கூறியிருப்பேன். மணத்தைப் பகிர்ந்தமையால் அரிசியைப் பகிரும் கடமை தீர்ந்துவிடாது. அழகை நேசிப்போர் பலர் இவ்விடத்திலேதான் வழுக்கி விழுகின்றனர். அதேபோல், அரிசியை மட்டும் கொடுத்திருந்தால் வந்தவர் கடன்பட்டவராகவே திரும்பியிருப்பார். மலரைப்பற்றி ஆறு ஆண்டுகள் மதிலோரம் பேசிய பழக்கமே, அரிசி கேட்கும் துணிவை அவருக்கு அளித்தது என்று நான் நம்புகின்றேன். குளமும் பழமரமும் தரும் உதவியை மலர் தருவதில்லை. அவ்வுதவியைக் கேட்கவும் கொடுக்கவும் இயலுமான அயலுறவை அது பேணுகின்றது. நான்காவது இடத்தை அதற்குக் கோருவது இவ்வளவில் நியாயமாகும்.

ஆகவே, சிறு முற்றத்தில் ரோசா வளர்ப்பது மூன்று நிபந்தனைகளின்கீழ் தகும் என்பது என் முடிபு. பிறரின் உயிர்த்தேவையை அது பறித்தலாகாது. அதன் நலம் மதிலுக்குள் அடைபட்டிருத்தலாகாது. வேறெந்தக் கடமைக்கும் அது ஈடாகக் கொள்ளப்படலாகாது.

அன்று மாலை அப்பா மதிலோரமாகக் கயிறு கட்டிப் பயற்றங்கொடிக்கு வழிசெய்தார். குசினிப் புறத்தில் இரண்டு மரவள்ளித் தடிகளை ஊன்றினார். ரோசாவைத் தொடவில்லை, காரணமும் கூறவில்லை. போதிய பசளையின்றி அவ்வாண்டுப் பூக்கள் சிறுத்தே பூத்தன. மணத்தில் மட்டும் குறைவிருக்கவில்லை. அதனை முதலில் எங்களுக்குச் சொன்னவரும் மதிலுக்கப்பாலிருந்த அம்மூதாட்டியே.