பொதுச் சூளையும் தனிக் குறியும்

குடம் ஒன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்த நூல் பயிலத் தொடங்கும் நாளிலேயே நாம் கேட்டுப் பழகிய எடுத்துக்காட்டு. அவ்வெடுத்துக்காட்டில் குயவன் ஒருவனே, திகிரியும் அவனுடையதே. சூளையைப்பற்றி அங்கே பேச்சில்லை. எடுத்துக்கொண்ட பொருட்கு அது வேண்டப்படாமையின் அதனைக் குறை என்றல் பொருந்தாது. ஆயினும், ஒரு திகிரியைப் பலர் முறைவைத்துச் சுழற்றி, ஒரு சூளையிற் பலர் தம் கலங்களை ஒருங்கே அடுக்கிச் சுடுமிடத்து, 'இஃது யான் செய்தது' என்னும் சொல் எவ்வளவிற்கு மெய்யாம் என்னும் வினா எழுகின்றது. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

ஜப்பான் தேயத்து ஒகயாமா மாநிலத்திலே பிசென் என்பது மட்கலத் தொழிலாற் பெயர்பெற்ற இடம். அங்குள்ள இன்பே என்னும் ஊரிற் பல குடும்பத்தார் முற்காலத்தே ஒன்றுகூடிப் பெருஞ்சூளைகளை நடத்திவந்தனர். மலைச்சரிவில் 50 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்த சூளையின் அடித்தடத்தை இன்றும் ஆங்குக் காணலாம். ஒரு வீட்டார் கலங்களால் அதனை நிரப்பலும் அரிது. ஒரு வீட்டார் விறகால் அதனை எரித்தலும் அரிது. பலர் கலமும் விரவிக் கிடத்தலின், சூளை திறக்கும் நாளில் எது யாருடையது என்று அறிதற்பொருட்டு, ஒவ்வொருவரும் கலத்தின் அடியிலேனும் பக்கத்திலேனும் ஒரு குறியைக் கீறி வைத்தனர். புகழ் கருதி இட்ட கையெழுத்தன்று அது. நம் நாட்டு வண்ணார் துணியில் இடும் குறி போல்வது.

பிசென் கலங்கட்குப் பூச்சு இடுவதில்லை. விறகின் சாம்பல் பறந்து கலத்தின்மேற் படிந்து உருகி, எள் தூவினாற்போலப் புள்ளியிடும். அதற்கு அவர்கள் வழங்கும் பெயரும் எள் என்பதே. ஒன்றோடொன்று ஒட்டாமைப்பொருட்டு இடையிற் சுற்றிய வைக்கோல், எரிந்தபின் செந்நிறக் கோடாக நிலைபெறும். தட்டொன்றின்மேற் சிறுகலம் ஒன்றை வைத்துச் சுட்டால், சாம்பல் படாத அவ்விடம் வட்டமாய் வேறு நிறங்கொண்டு நிற்கும். அச்சிறுகலம் பிறனொருவனுடையதாயின், அவன் கலத்தின் மறைவே நம் தட்டிற்கு அழகாயிற்று என்க. குறி நம்முடையது, அழகோ அண்டையில் இருந்தவனிடத்தினின்றும் வந்தது.

இக்காலத்துப் பொதுப் பட்டறைகளிலும் நிலை இதுவே. மேனாட்டு நகரங்களிலும் நம் நாட்டுப் பெருநகர்கள் சிலவற்றிலும், தனித்துச் சூளை வைத்துக்கொள்ள இயலாதார் பணங்கட்டிச் சேர்ந்து, திகிரி, மண், பூச்சு, மின்சூளை ஆகியவற்றைப் பொதுவில் வைத்துப் பயன்கொள்கின்றனர். ஒருவர் கரைத்த பூச்சை மற்றொருவர் தோய்க்கின்றார், வேறொருவர் அடுக்குகின்றார், பிறிதொருவர் சூட்டை அளந்து நிற்கின்றார். கலம் நன்றாய் வெளிப்பட்டால் மட்டும், 'யான் செய்தேன்' என்னும் குரல் ஒன்றே கேட்கும். வெடித்து வந்தாலோ, 'சூளை கெடுத்தது' என்பர்! யாம் இதனைப் பிறர்மேல் வைத்துக் கூறுகின்றேம் அல்லேம். கட்டுரை எழுதுவார்க்கும் அச்சுக் கூடத்தார்க்கும் இடையே நிகழ்வதும் இதுவே.

இனி, கேட்டின் பக்கத்தை நோக்குவாம். உலராத கலம் ஒன்றைச் சூளையில் வைத்தால், 100 பாகை சென்டிகிரேடு வெப்பத்தை அணுகித் தாண்டுங்கால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாய்ப் பெருகி, வெளிப்பட வழியின்றிக் கலத்தைச் சிதறடிக்கும். உள்ளே அகப்பட்ட காற்றே வெடித்தது என்று பலர் கூறுவர். பெரும்பாலும் அது காற்றன்று, ஈரமே. சிதறிய ஓடு அண்டையில் இருப்பவற்றையும் உடைக்கும். அன்றியும், குறைந்த சூட்டிற்குரிய செம்மண் கலத்தை மாறாட்டமாக 1250 பாகையில் ஏற்றினால், அது உருகிப் பரந்து, கீழுள்ள தட்டையும் பிறர் கலங்களையும் பற்றிக்கொள்ளும். ஒரு மாதம் உழைத்தான் ஒருவன். இரண்டு நாள் பொறுக்கமாட்டாத மற்றொருவனால் அவன் உழைப்பு ஓடாயிற்று.

அற்றேல், ஒருவன் வினைப்பயன் மற்றொருவனைச் சாராது என்பதன்றோ நம் கொள்கை? உடைந்தது அவனவன் ஊழால் உடைந்தது. ஈரக்கலம் வைத்தான் வெறுங் கருவியே எனின், அது பொருந்தாது. கருவி என்பது தண்டும் சக்கரமும் போல அறிவில்லது. தீயும் அத்தகையதே, இவன் கலம் அவன் கலம் என்னும் வேற்றுமையை அஃது அறியாது. ஈரத்தை அறிந்தும் அறிய முயலாதும் உள்ளே வைத்தவன் அறிவுடைய உயிர். ஆதலின் அவன் செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறுதல் தப்பாது. உடைந்த கலத்தான் தன் ஊழை நினைந்து ஆறுதல் கொள்ளலாம்; அது அவனுக்கு மருந்து. அதே சொல்லை உடைத்தவன் எடுத்து ஓதுவானாயின் அது திருட்டு. சொல் ஒன்றே, உரிமை வேறு. ஊழ்க்கொள்கையைப் பிறர் துன்பத்தின்மேல் ஏவுவார் நம்முள்ளும் பலர் உளராதலின் இதனைச் சிறிது அழுத்திக் கூறலாயிற்று.

ஆகவே அடியிற் கீறிய குறி இரண்டு வேலை செய்கின்றது. நல்ல கலத்தைக் கொண்டுபோதற்கு உரிமை தருவதும் அது. சிதறிய ஓட்டைப் புரட்டிப் பார்க்குங்கால் இன்னான் என்று காட்டுவதும் அது. முன்னதற்குக் குறியைக் காட்டிப் பின்னதற்கு மறைத்தல் கூடாது.

தொழில் கற்கப் புகுந்த புதியோன் ஒருவன் அறியாது ஈரக்கலம் வைத்தால், அவன்மேல் முழுக்குற்றமும் சுமத்தலாமோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பில் அவனுக்குரியது சிறு பங்கு. பெரும் பங்கு அடுக்கினவர்க்கு உரியது. அவர் அறிந்தவர், சூளைக் கதவைச் சாத்தும் உரிமை அவர் கையில் இருந்தது. குறி அவருடையது அன்று என்பதனால் அவர் நீங்கியவர் ஆகார். இதுபற்றியே பழகிய தொழிலாளர், யாருடைய கலம் என்று பாராமல், ஒவ்வொன்றையும் எடுத்துத் தம் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கின்றனர். ஈரம் உள்ளதாயின் குளிர்ந்து தோன்றும். அங்ஙனம் தோன்றியதை, யார் முகஞ் சுளித்தாலும், அடுத்த சூட்டிற்கென்று வெளியே எடுத்து வைத்துவிடுகின்றனர்.